தாழ்ப்பாளில் செருகிய கரண்டி

நான் வேலை பார்க்கும் துணிக்கடையில், வாங்கிய உடுப்பைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களுக்கென்று தனியாக ஒரு கவுண்டர் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பது நான்தான். விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போய் நாலு பேர் முன்னால் மினுக்கிவிட்டு, மறுநாள் விலைச்சீட்டை நூலால் மறுபடி கோத்து எடுத்து வந்து, "பிரிக்கவே இல்லைங்க" என்று சத்தியம் செய்கிறவர்களைத் தினமும் பார்ப்பது என் பிழைப்பு. காலரை மோந்து பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். இத்தனை வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. என் தங்கச்சி என்னை 'சிஐடி' என்றுதான் கூப்பிடுவாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

அவள் நானூறு மீட்டர் ஓடுகிறவள். பத்திரிகைக்காரர்கள் அவளுக்குப் 'புயல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் கதையும் ஊருக்கே தெரியும், அவளே பேட்டிகளில் சொன்னதுதான். எங்கள் அப்பா மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார். நான் பள்ளிக்கூடத்துக்காகச் சித்தி வீட்டில் இருந்ததால் தப்பித்தேன். தங்கச்சிக்கு ஆறு வயதிருக்கும்போது, பழைய சாமான் போடும் அறையில் அவளை வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். அதே சாயந்திரம் அம்மாவை அடித்துத் தள்ளியதில் மண்டை உடைந்து அம்மா ஆஸ்பத்திரியில். பிள்ளையைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை. ராத்திரி முழுக்க உள்ளேயே கிடந்தவள், மறுநாள் மத்தியானம் தகர டப்பாக்களை அடுக்கி ஏறி, வென்டிலேட்டர் வலையைப் பிய்த்து, வெளியே குதித்து ஓடினாள். பெரிய ரோடு வந்தும் நிற்கவில்லை. ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, பின்னாலேயே ஓடிப் போய்ப் பிடித்தார். அப்புறம் அப்பா எங்கள் வாழ்க்கையிலிருந்து போய்விட்டார். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது.

அவள் ஓட்டக்காரி ஆனதற்கு அந்த அறைதான் காரணம் என்று எல்லாரும் எழுதுவார்கள். அவள் தோற்பதற்கும் அதே அறைதான் காரணம் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். மூடின கதவு அவளுக்கு ஆகாது. எங்கள் வீட்டுக் குளியலறைக்கு உள்தாழ்ப்பாளே கிடையாது. குளிக்கப் போகிறவர் சத்தமாகப் பாட வேண்டும், அதுதான் ஆள் இருக்கிற அடையாளம். என் குரலுக்குப் பயந்தே பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை மாற்றி வைத்துக்கொண்டார். வீட்டில் இப்படிச் சமாளித்துவிடலாம். பெரிய போட்டிகளில் என்ன செய்வது? ஓட்டத்துக்கு முன்னால் எட்டுப் பேரையும் ஓர் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அங்கேயே இவளுக்கு வேர்த்துக் கொட்டும். வெளியே வந்து கோட்டில் நின்றதும், துப்பாக்கி வெடிப்பதற்குள் காலை எடுத்துவிடுவாள். போன வருடம் அப்படித்தான், இறுதிப் போட்டியில், முன்கூட்டியே கிளம்பிவிட்டாள் என்று சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் மறுபடி ஒரு போட்டி. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அதோட சரிக்கா. ஷூவைக் கழட்டி உன் கவுண்டர்ல குடுத்துடறேன், நீ திருப்பி எடுத்துக்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அவள் கதையைப் படமாக்க வேண்டும் என்று சினிமாக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

டைரக்டர் ஒல்லியான ஆள். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வாயைத் திறந்தால் உண்மை, உண்மை என்றுதான் பேசினார். அந்தச் சொல்லை ஒரே மூச்சில் மூன்று தடவை சொல்கிறவர்களை என் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் துணியைத்தான் நான் முதலில் மோந்து பார்ப்பேன். "இது வேணுமாடி உனக்கு?" என்று தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் அந்தக் கதவை உள்ள இருந்துதான்கா பாத்திருக்கேன். ஒரு தடவை வெளியில நின்னு பாத்துட்டா பயம் விட்டுடும்னு தோணுது. அவங்க அதே மாதிரி கட்டப் போறாங்களாம்" என்றாள்.

பயத்துக்கு மருந்து என்று நினைத்துச் சம்மதித்தவளைத் தடுக்க முடியுமா? சரி என்றேன். ஆனால் கதையை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

பிரதி வந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்து அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் படித்தேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். கதையில் அம்மாவை ஒரு தெய்வமாகவே ஆக்கியிருந்தார்கள். அப்பா தாழ்ப்பாள் போட்ட கதவை அம்மா கை ரத்தம் சொட்டச் சொட்ட அடிக்கிறாள், "என் பிள்ளையை விட்டுடுங்க" என்று காலில் விழுகிறாள். படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். பழைய வேதனை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதில் இப்படி இருந்தது: கதவின் வெளிப்புறம். அப்பாவின் கை தாழ்ப்பாளைப் போடுகிறது. பூட்டு இல்லை. தாழ்ப்பாள் வளையத்தில் ஒரு கரண்டியின் காம்பைச் செருகுகிறது.

எந்தப் பேட்டியிலும் கரண்டி வந்ததில்லை. உடனே பயிற்சி முகாமுக்குப் போயிருந்த தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"கரண்டியா?" என்றாள். "நான் உள்ள இருந்தேன்கா. வெளியில என்னத்தைப் போட்டு மாட்டினாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டைரக்டருக்குப் போட்டேன். "கரண்டி உங்க கற்பனையா?"

"இல்லைங்க, நூத்துக்கு நூறு உண்மை" என்றார்.

"யாரு சொன்னா?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைப்பதுதானே என் வேலை. உட்கார்ந்து யோசித்தேன். உள்ளே இருந்தவளுக்குக் கரண்டி தெரியாது. கதவுக்கு வெளியே நின்றவருக்குத்தான் தெரியும். வெளியே நின்றவர் ஒருவர்தான். ஆக, அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறார், சினிமாக்காரர்களிடம் போய்ப் பேசியிருக்கிறார். எதற்குப் பேசுவார்? தன் பக்கத்தைப் பூசி மெழுகத்தான். நாளைக்குப் படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் திடீரென்று அவரை என் தங்கச்சி முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அவள் அழுவதையும் ஒரு கேமராவில் பிடித்து விளம்பரத்துக்கு வைத்துக்கொள்வார்கள். அப்புறம் அவள் எந்தப் போட்டிக்குப் போவாள்? எனக்கு அப்போதே அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கி மிதிக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "சினிமாக்காரங்க எதையாவது எழுதுவாங்க. நீ ஏன் எல்லாத்தையும் தோண்டிக்கிட்டு இருக்க?" என்று மட்டும் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அதிலிருந்துதான் அம்மா மேலேயே என் கண் போயிற்று. அந்த வாரத்திலிருந்து அவள் அடிக்கடி கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். "புரை வளருதாம். டாக்டர் வரச் சொல்லிட்டே இருக்காரு" என்றாள். ஆனால் ஒரு சொட்டு மருந்துப் புட்டிகூட வீட்டுக்கு வரவில்லை. துணைக்கு வருகிறேன் என்றால் வேண்டாம் என்பாள். தனியாகக் கடைத்தெருவுக்குக்கூடப் போகாதவள், தலையைப் படிய வாரி, நல்ல கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். ஒருநாள் திரும்பி வந்தவளின் புடவை ஓரத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. இன்னொருநாள் விரலில் பச்சைப் பெயின்ட். கண் ஆஸ்பத்திரியில் மரத்தூள் எங்கிருந்து வரும்? மோட்டார் ரிப்பேர் செய்த கை வயதான பிறகு தச்சு வேலைக்குப் போயிருக்கலாம், இல்லையா? கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாக வந்தது. அம்மா அப்பாவைப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அந்த இரண்டு வாரமும் அம்மா வைத்த சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. அடித்து மண்டையை உடைத்த ஆளுக்குத் தலை வாரிக்கொண்டு போகிறாளே என்று அத்தனை எரிச்சல். கையும் களவுமாகப் பிடிப்பதற்காகக் கடையில் லீவு சொல்லிவிட்டு, ஒருநாள் அவள் ஏறிய பஸ்ஸிலேயே பின் வாசல் வழியாக நானும் ஏறினேன்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. அவள் அசையவில்லை. இன்னும் இரண்டு நிறுத்தம் தாண்டி, ஒரு பெரிய கிடங்கு மாதிரியான கட்டடத்துக்கு எதிரே இறங்கி விறுவிறுவென்று உள்ளே போனாள். வாசலில் இருந்த காவல்காரரிடம் போய் நின்றேன். யார் என்று கேட்டார். புயலின் அக்கா என்றேன்.

"அட, அம்மா இப்பத்தானே உள்ள போனாங்க. நீங்களும் போங்க" என்றார். "பாவம், தினமும் வந்து ஒத்தை ஆளா எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறாங்க."

அது ஸ்டூடியோ. உள்ளே போனால் எங்கள் பழைய வீடு நின்றுகொண்டிருந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் பார்த்த அதே பச்சைச் சுவர். அடுப்பு மேடைக்கு மேலே அதே எண்ணெய்க் கறை. ஆனால் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் ஒட்டுப்பலகை, முட்டுக் கொடுத்த கட்டைகள், கீழே மணல் மூட்டைகள். கேமரா வைப்பதற்கு வசதியாக ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கச் சுவரே இல்லை. கூடத்தின் மூலையில் அந்தச் சாமான் அறை. அதற்கும் கதவும் மூன்று சுவரும்தான். பின்பக்கம் திறந்து கிடந்தது.

அடுக்களையில் அம்மா நின்றாள். கூந்தலில் பென்சில் செருகிய ஒரு பெண், அவள்தான் செட் போடுகிறவள், அம்மா சொல்வதை எல்லாம் செய்துகொண்டிருந்தாள். "அந்த ஸ்டூல் இங்க இல்லம்மா, அந்தப் பக்கம். கரண்டி எல்லாம் ஜன்னல் கிட்ட ஆணியில தொங்கும். கை நீட்டினா எட்டணும்" என்று அம்மா சொன்னாள்.

அப்போதாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். தட்டிக்கு மறைவில் நின்று, அங்கே இருந்த வயதான ஆண்களை எல்லாம் ஒவ்வொருவராக அளந்தேன். டீ கொடுக்கிறவர் குள்ளம். லைட் பிடிக்கிறவருக்கு நிறம் பொருந்தவில்லை. ஓரமாக உட்கார்ந்து பலகை இழைத்துக்கொண்டிருந்த ஒரு தச்சரின் மூக்கு மட்டும் என் மூக்கு மாதிரியே இருந்தது. அவரையே முறைத்துப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "ஏம்மா, நான் உனக்கு எதாச்சும் குடுக்கணுமா?" என்று கேட்டார். குரல் வேறு. நகர்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் வாசல் பக்கம் சலசலப்பு. தங்கச்சி உள்ளே வந்தாள். பயிற்சி முடித்து நேராக வந்த உடையிலேயே இருந்தாள். அவளுக்கு முன்னால் டைரக்டர் பின்னோக்கி நடந்தபடி வர, ஒரு சின்னக் கேமரா அவள் முகத்தையே பிடித்துக்கொண்டு வந்தது. நான் நினைத்தது நினைத்தபடியே நடக்கிறது என்று ஓடிப் போய் நடுவில் நின்றேன்.

"அக்கா, நீ எங்க இங்க?" என்றாள்.

"கண் டாக்டரைப் பாக்க வந்தேன்" என்றேன், அம்மாவைப் பார்த்துக்கொண்டே.

அம்மா எங்கள் இருவரையும் பார்த்ததும் அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு இவ வருவான்னு சொல்லலியே தம்பி" என்று டைரக்டரிடம் கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நான் அம்மாவின் பக்கத்தில் போய் மெல்லிய குரலில், "அவரு எங்க?" என்றேன்.

"யாருடி?"

"நடிக்காதம்மா. அப்பா எங்க? எந்தப் பக்கம் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் இல்லை, வெறும் குழப்பம். அதையும் நான் நம்பவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள் என்று டைரக்டரிடம் சண்டைக்குப் போனேன். தங்கச்சிதான் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "அக்கா, நான்தான் வரேன்னு சொன்னேன். இன்னைக்குக் கதவு ஷாட் எடுக்கறாங்க. இதைப் பாக்கத்தான் நான் இந்தப் படத்துக்கே சம்மதிச்சேன். சும்மா இரு" என்றாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கேமராக்காரனை நான் பார்த்த பார்வையில் அவனே அதைக் கீழே வைத்துவிட்டான்.

அப்பாவாக நடித்த பெரிய நடிகர் அன்று வரவில்லை. அவர் கொடுத்த தேதிகள் முடிந்துவிட்டன. ஆனால் மிச்சம் இருந்தது கை மட்டும் தெரிகிற ஷாட். இப்படிப்பட்ட ஷாட்டுக்கு யார் கையாக இருந்தாலும் போதுமாம். அந்த நடிகரின் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் மாட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று பென்சில் பெண் சொன்னாள். அடப்பாவிகளா, நான் இத்தனை வருடம் படங்களில் பார்த்த கையெல்லாம் யாருடையதோ என்று அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது.

முதலில் ஓர் உதவி டைரக்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். கதவை இழுத்தான். தாழ்ப்பாளைத் தள்ளினான், போகவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தள்ளினான், போயிற்று. மறுபடி குனிந்து கரண்டியை எடுத்து வளையத்தில் செருகுவதற்குள் கதவு உந்தித் தாழ்ப்பாள் விலகிவிட்டது. "கட்" என்றார் டைரக்டர். அடுத்து லைட் பிடிக்கிறவர். கரண்டி தரையில் விழுந்து உருண்டது. அதற்கடுத்து அந்த மூக்குத் தச்சர். அவருக்குக்கூடச் சரியாக வரவில்லை. "ஏன்யா, கோபத்துல இருக்கற மனுஷன் ஒரே வீச்சுல போட்டுட்டுப் போவான். நீங்க என்ன பொட்டி கட்டற மாதிரி கட்டறீங்க?" என்று டைரக்டர் கத்தினார். மறுபடி எடுத்தார்கள், மறுபடி கரண்டி விழுந்தது. ஒவ்வொரு தடவை அது தரையில் விழும்போதும் தங்கச்சியின் தோள் தூக்கிப் போட்டது.

"அப்படி இல்ல தம்பி." அம்மாவின் குரல். "அப்படிப் போட்டா நிக்காது. கதவு மரம் ஊதியிருக்கும். குடு."

எல்லாரும் விலகினார்கள். அம்மா போய்க் கதவின் முன் நின்றாள். கரண்டியை இடது கையில் வாங்கிக்கொண்டாள். வலது முழங்காலால் கதவின் கீழ்ப்பகுதியை அழுத்தினாள், தோளால் மேலே ஒரு தள்ளு, தாழ்ப்பாள் தானாக வழுக்கிப் போய் உட்கார்ந்தது, காம்பு வளையத்துக்குள் போய்விட்டது. எல்லாம் ஒரே மூச்சில். அவள் கதவைப் பார்க்கவே இல்லை. முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது, யாரோ வருகிறார்களா என்று பார்க்கிற மாதிரி.

"சூப்பர்மா!" என்று டைரக்டர் கை தட்டினார். "இதான், இதான் எனக்கு வேணும். உங்க கையவே எடுத்துக்கறேன். யாருப்பா, அம்மாவுக்கு அந்தச் சட்டையை மாட்டுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புடவையில் மரத்தூளைப் பார்த்தவளுக்கு, ஆணியில் தொங்கும் கரண்டி என்று காதால் கேட்டவளுக்கு, இது ஏன் தோன்றவில்லை? கோபத்தில் கொதிக்கிற ஒரு மோட்டார் மெக்கானிக் எதற்கு அடுக்களைக்குப் போய்க் கரண்டி எடுத்து வரப் போகிறான்? பக்கத்தில் திரும்பினேன். தங்கச்சி அம்மாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

சட்டையை எடுத்துக்கொண்டு வந்த பெண் பாதியில் நின்றாள். அம்மாவின் கை இன்னும் கரண்டியின் மேலேயே இருந்தது. சட்டென்று ஒரு பொய் சொல்லிவிடேன் அம்மா, அடுத்த மாதம் வரைக்குமாவது தாங்கட்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. பொய்யைப் பிடிப்பதே தொழிலாக இருக்கிற நான், அன்று ஒரு பொய்க்காகக் கெஞ்சினேன்.

"நான்தான் போடுவேன்" என்றாள் அம்மா. "எப்பவும் நான்தான். அவரு வண்டிச் சத்தம் கேட்டதும் உன்னை உள்ள தள்ளிட்டுப் போட்டுடுவேன். பக்கத்து வீட்ல விளையாடுறான்னு சொல்லிடுவேன். போடலைன்னா, நான் கத்தற சத்தம் கேட்டு நீ ஓடி வந்துடுவ. நடுவுல வந்து நிப்ப. ஒரு தடவை அப்படி வந்து உன் பல்லு போச்சு."

"அப்ப அப்பா..."

"அடிச்சது பொய்யில்லடி. பூட்டினது மட்டும் அவரு இல்ல."

டைரக்டர் முதல்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு ராத்திரி?" என்றாள் தங்கச்சி. குரல் உடையவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மறுநாள் மத்தியானம் வரைக்கும் உனக்கு நினைவே இல்லைன்னுதானே சொன்ன?"

"நினைவு ராத்திரியே வந்துடுச்சு. கண்ணைத் தொறந்தா அவரு கட்டில் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. பிள்ளை எங்கடி, பிள்ளை எங்கடின்னு கேட்டுட்டே இருக்காரு. நர்ஸ்கிட்ட சொன்னா அவரு காதுல விழும். விழுந்தா நேரா உன்கிட்டதான் வருவாரு. நீ அங்க இருக்கறதுதான் பத்திரம்னு நினைச்சு, கண்ணை மூடிக்கிட்டேன். விடிஞ்சு அவரு வெளிய போனதும் சொல்லலாம்னு பாத்தேன். அவரு போகவே இல்ல."

"நான் ராத்திரி பூரா அப்பாகிட்டதாம்மா கெஞ்சினேன். இனிமே குறும்பு பண்ண மாட்டேன், தொறங்கப்பா, தொறங்கப்பான்னு." அவள் வாய் கோணியது. "அவரு அங்க இல்லவே இல்லையா?"

"இல்ல."

"இத்தனை வருஷத்துல சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னு இருப்பேன். நீ ராத்திரி முழிச்சு அலறும்போது என்னைத்தான் வந்து கட்டிப்ப. நான்தான் பூட்டினேன்னு தெரிஞ்சா அப்புறம் நீ யாரைக் கட்டிப்ப? அதுக்குப் பயந்துட்டேன். ஆனா இவங்க எழுதினதை உங்கக்கா படிச்சா பாரு, நான் கை ரத்தம் சொட்டக் கதவைத் தட்டினேன்னு... அதைத் தாங்க முடியலடி. என்னைச் சாமி ஆக்கிட்டாங்க. கதை கேக்க வந்தப்பவே கரண்டியை மட்டும் இந்தத் தம்பிகிட்ட சொல்லியிருந்தேன். மிச்சத்தையும் சொல்லிடணும்னுதான் இங்க வந்துட்டே இருந்தேன். அதுக்கு மேல வாய் வரல."

அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன். அப்பாவைத் தேடிக்கொண்டு தச்சரை முறைத்தவள், அம்மா எத்தனை வருடம் எதைச் சுமந்துகொண்டு எனக்குச் சாப்பாடு போட்டாள் என்று ஒருநாள்கூடக் கவனிக்கவில்லையே என்று அழுதேன். தங்கச்சி மேல் எனக்கு அப்போது பெரிய பயம். அவள் ஓடிவிடுவாள், கிடங்கைத் தாண்டி ரோட்டைத் தாண்டி ஓடிவிடுவாள், அதோடு எல்லாம் முடிந்தது என்று, அவள் கையைப் பிடிக்கத் தயாராக நின்றேன்.

அவள் கதவிடம் போனாள். கரண்டியை உருவி அம்மாவின் கையில் கொடுத்தாள். தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்து, உள்ளே போனாள்.

"போடும்மா" என்றாள் உள்ளேயிருந்து.

"என்னடி சொல்ற?"

"போடு. போடறது நீதான்னு தெரிஞ்சா பயம் வருதா இல்லையான்னு நான் பாக்கணும்."

"வேணாம்டி" என்று நான் கத்தினேன். போட்டி, வேர்வை, சிவப்பு அட்டை எல்லாம் என் கண் முன்னால் வந்தது. பென்சில் பெண் என் கையைப் பிடித்து, பின்பக்கம் சுவர் இல்லை, நினைத்தால் வெளியே வந்துவிடலாம் என்று காதோடு சொன்னாள்.

அம்மா டைரக்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் கதவைச் சாத்தினாள், முழங்காலை வைத்தாள், தாழ்ப்பாளைத் தள்ளினாள். இந்தத் தடவை முதல் முயற்சியில் போகவில்லை. இரண்டாவது முயற்சியில் போயிற்று. காம்பைச் செருகிவிட்டுக் கதவின் மேலேயே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். விளக்கு வெளிச்சத்தில், மூன்று சுவருக்கு நடுவே, தங்கச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் அவள் முதுகு. திரும்பி இரண்டு எட்டு வைத்தால் வெளியே வந்துவிடலாம். அவள் திரும்பவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையின் முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. மூச்சு இரைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அம்மா" என்றாள்.

"என்னடி?"

"இருக்கியா?"

"இங்கதான் இருக்கேன்."

மறுபடி, "இருக்கியா?"

"இருக்கேன்டி. எங்கயும் போகல."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவும் சளைக்காமல் பதில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கேள்வி கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் வெறும் "ம்மா" என்றாள். அதற்கும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து "ம்" என்று வந்தது. அவள் முதுகு மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"தொறக்கட்டுமாடி?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா" என்றாள் தங்கச்சி.